ஆமோஸ் விழுந்த ஆட்டங்கள்

நல்லசிவத்துக்கு அமெரிக்கக் கால்பந்தின் அரிச்சுவடிகூடத் தெரியாது. அதனால்தான் அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது அந்த நிறுவனம். நேர்காணலில் மேலாளர் கமாலுதீன் கேட்ட முதல் கேள்வியே, உங்களுக்கு ஓமஹா அணியைப் பிடிக்குமா டல்சா அணியைப் பிடிக்குமா என்பதுதான். இரண்டும் ஊர்ப் பெயரா, மாத்திரைப் பெயரா என்று நல்லசிவம் திருதிருவென விழித்தான். அந்த விழிப்பைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் தெரிந்தவனுக்கு ஓர் அணி பிடித்துப்போகும், அணி பிடித்துப்போனால் கண் பொய் சொல்லும், ஆகவே ஒன்றும் தெரியாதவர்கள்தான் வேண்டும் என்றார் கமாலுதீன். ஒன்றும் தெரியாததற்கு மாதச் சம்பளம் கொடுப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது நல்லசிவத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

வேலை இதுதான். அமெரிக்காவில் அந்த ஆட்டம் ஆடுகிறவர்களின் சட்டைக்குள் ஒரு பட்டை இருக்கும். நெஞ்சு எப்படி அடிக்கிறது, மூச்சு எங்கே வாங்குகிறது, எந்தக் கால் சலிக்கிறது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். அத்தனையையும் விழுங்கிய இயந்திரம் ஒன்று, அடுத்த வாரம் நடக்கப்போகும் ஆட்டத்தை இந்த வாரமே தனக்குள் லட்சம் முறை ஆடிப் பார்க்கும். அதிகமுறை ஜெயித்தவர் யாரோ அவர்தான் ஜெயிக்கப்போகிறவர். மூன்று வருடமாகச் சாம்பியன் பெயர் தப்பவில்லை. அலுவலகத்தில் அந்த இயந்திரத்துக்கு ஜோசியர் என்று பெயர்.

ஜோசியர் ஆடுவது திரையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு மாதிரியே ஓடும். புல், வியர்வை, கத்தும் கூட்டம், மழை பெய்தால் கேமராவில் துளி, எல்லாம் இருக்கும். ஆனால் லட்சத்தில் சில ஆட்டங்களில் ஜோசியருக்குக் கிறுக்குப் பிடிக்கும். மேலே போன பந்து இறங்காது. ஒருவருக்கு ஏழு விரல் இருக்கும். அப்படிப்பட்ட ஆட்டங்களைப் பொறுக்கி எறிவதுதான் நல்லசிவமும் மற்றவர்களும் செய்த சல்லடை வேலை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அந்த ஆட்டம் அந்த இடத்திலேயே நின்று, சுவடே இல்லாமல் அழிந்துவிடும். அடுத்தது வரும்.

அடிக்கடி வரும் கோளாறுக்குப் பேயடி என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரும் தொடாமலே ஒரு ஆள் விழுந்துவிடுவார். பார்த்த கணமே அழுத்த வேண்டியதுதான்.

ஜனவரியில் பிளேஆஃப் தொடங்கியது. பிளேஆஃப் என்றால் ஒரு தோல்வி போதும், மூட்டை கட்டிவிட வேண்டும். அதில்தான் ஜோசியருக்குப் பெரிய கிராக்கி. அந்த வாரத்தில்தான் ஆமோஸ் முதல்முறையாக விழுந்தார்.

ஆமோஸ் கிரேடி ஓமஹாவின் தடுப்பாட்டக்காரர். எதிரணியில் பந்தை எறிகிறவர் எறிவதற்குள் பாய்ந்துபோய் அவரைச் சாய்ப்பது அவர் தொழில். வயது முப்பத்தாறு. அந்த ஆட்டத்தில் அது கிழவயது. இத்தனை வருடம் ஆடியும் ஒருமுறைகூடச் சாம்பியன் ஆனதில்லை. தான் சாய்த்த ஆளைத் தானே கைகொடுத்துத் தூக்கிவிடுவார், முதுகில் ஒரு தட்டும் தட்டுவார். ஜோசியர் அதையும் விடாமல் காட்டும். எந்த அணியையும் பிடிக்கக் கூடாது என்று வேலைக்கு வந்த நல்லசிவத்துக்கு, அணி பிடிக்காமலே ஆள் பிடித்துப்போனது.

அன்று திரையில் ஆமோஸ் பாய்ந்து வந்தார். பாதி வழியில் இடது கை நெஞ்சுக்குப் போனது. வலது முழங்கால் மடங்கியது. முகங்குப்புற விழுந்தார். பக்கத்தில் யாருமே இல்லை.

பேயடிதான், சந்தேகமில்லை. ஆனால் நல்லசிவம் பொத்தானை அழுத்தவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

அவன் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தது மயானத்துக்குப் போகும் சாலையில். பிணம் போனால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும், வண்டி திருப்பத்தில் மறையும்வரை உட்காரக் கூடாது. செத்தவர் யார், என்ன சாதி, நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. தும்மல் வந்தால் தும்முவது மாதிரி அவனுக்கு அது உடம்போடு வந்துவிட்ட பழக்கம். திரையில் ஆமோஸைத் தூக்குப்படுக்கையில் ஏற்றி, மைதானத்துக்கு வெளியே கொண்டுபோகும்வரை நின்றான். பிறகு உட்கார்ந்து சிவப்பை அழுத்தினான்.

பக்கத்து இருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். பொம்மை செத்ததற்கெல்லாம் எழுந்து நின்றால் உட்காருவது எப்போது என்று கேட்டார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

மறுநாளும் ஆமோஸ் விழுந்தார். அதே இடது கை, அதே வலது முழங்கால். நல்லசிவம் அதே மாதிரி நின்றான். அடுத்த வாரம் இன்னும் அதிகமாக விழுந்தார். மழையில் விழுந்தார், வெயிலில் விழுந்தார், தேசிய கீதம் முடிந்த கையோடு விழுந்தார். நல்லசிவம் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். 

அரையிறுதி நம் நேரத்துக்குத் திங்கட்கிழமை காலை வந்தது. நிஜ ஆட்டத்தைக் கேன்டீனில் பெரிய திரையில் போட்டிருந்தார்கள். ஆமோஸ் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தார். இட்லித் தட்டோடு விருட்டென்று எழுந்து நின்றான் நல்லசிவம். சாம்பார் பக்கத்தில் இருந்தவர் மடியில் கொட்டியது. ஆமோஸ் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்து ஓடினார். கேன்டீனே சிரித்தது. நல்லசிவம் மட்டும் வியர்த்துப்போய், இது நிஜமா, ஜோசியர் போட்டுக் காட்டுவதா என்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். கடிகாரம் என்ன சொல்லும்?

வீட்டுக்குப் போனதும் மனைவி வசுமதி, யார் ஜெயித்தார்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள். ஓமஹா என்றான். ஆமோஸ் ஆடினாரா என்றாள். ஆடினார் என்றான், பிறகு விழுந்துவிட்டார் என்றான், பிறகு அது போன வாரம் என்றான், அதுவும் நிஜம் இல்லை என்றான். ஒரு தனியார் மருத்துவமனையில் நெஞ்சுத் துடிப்பைப் படம் எடுக்கிறவள் அவள். கணவன் முகத்தைப் பார்த்தவுடனேயே பேச்சு விளையாட்டில் இல்லை என்று புரிந்துகொண்டாள்.

மறுநாள் கமாலுதீனிடம் போனான். எல்லாப் பேயடியும் ஆளுக்கு ஆள் மாறுகிறது, இவர் ஒருவர் மட்டும் ஏன் ஒரே மாதிரி விழுகிறார் என்று கேட்டான். மற்றவர்களின் திரையில் ஆமோஸ் அவ்வளவாக விழவில்லையே என்றார் கமாலுதீன். அழித்ததை எடுத்துப் பார்க்கவும் வழியில்லை.

"அவரு நெஞ்சுத் துடிப்பு ஜோசியர்கிட்ட இருக்குதுங்க சார். நம்ம கண்ணுக்குத் தெரியாத எதையோ அது பாக்குதோ என்னமோ. அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லோணுமில்லீங்களா?"

கமாலுதீன் கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகத்தான் சொன்னார்.

"நம்மகிட்ட கேட்டது சாம்பியன் பேரு. ஓமஹான்னு குடுத்தாச்சு. உடம்பப் பத்தி நாம வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அதுவும் போக, நீங்க சொன்னீங்கன்னா ஆட்டம் மாறிடும். மாறின ஆட்டத்துக்கு நாம சொன்ன ஜோசியம் செல்லாது. ஒரு கோளாற நம்பி, அந்த மனுசன் வாழ்நாள் பூரா காத்திருந்த ஆட்டத்தக் கெடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

நல்லசிவம் இருக்கைக்குத் திரும்பி வந்து யோசித்தான். சொன்னால் ஒரு மனிதனின் கனவு போகலாம், சொல்லாவிட்டால் உயிர் போகலாம், இரண்டுமே நடக்காமலும் இருக்கலாம். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம் என்றால்கூடப் பரவாயில்லை. அவனுக்குக் கிணறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஆமோஸ் விழுந்ததை நூறு முறை பார்த்தோமா, பத்து முறை பார்த்துவிட்டு மீதியைக் கனவில் கண்டோமா என்றுகூட அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வசுமதிதான் முடிவெடுக்க வைத்தாள். நெஞ்சில் இருக்கும் சில கோளாறுகள் ஓடும்போது மட்டும்தான் தலையைக் காட்டும், படுக்கவைத்துப் படம் எடுத்தால் சமர்த்தாக ஒளிந்துகொள்ளும் என்றாள்.

"வேல போச்சுன்னா வேற பாத்துக்கலாமுங்க. அந்த மனுசன் நெஜமாலுமே விழுந்துட்டா, அதுக்கப்புறம் நீங்க இந்த வீட்டுல எப்படி உக்காந்து சாப்புடுவீங்க?"

ஆமோஸின் அக்கா ரூத் என்பவரை இணையத்தில் தேடிப் பிடித்து எழுதினான். மருத்துவரிடம் காட்டுங்கள், முதலில் இடது கை நெஞ்சுக்குப் போகும், பிறகு வலது முழங்கால் மடங்கும் என்று எழுதினான். எழுதி அனுப்பிய பிறகுதான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. பந்தயம் கட்டித் தோற்றவர்கள் அந்த ஊரில் ஆட்டக்காரர்களின் வீட்டுக்கு எழுதுவதும் இதே தோரணையில்தான். உன் தம்பி செத்துப்போவான் என்று தினமும் நாலு பேர் எழுதுகிறார்களாம். கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவன் எழுதினால் அது அக்கறையாகவா தெரியும்?

மிரட்டல் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். போலீசுக்குப் போனது. ஆனால் அணியின் மருத்துவர் அந்த இடது கையையும் வலது முழங்காலையும் படித்துவிட்டு யோசித்தார். முழுப் பரிசோதனை முடியும்வரை ஆமோஸ் களத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பரிசோதனை முடிய இறுதியாட்டம் காத்திருக்காது.

இறுதியாட்டத்தை நல்லசிவமும் வசுமதியும் காலைப் பலகாரத்தோடு வீட்டில் பார்த்தார்கள். ஆமோஸ் ஓரத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு, தலையில் குல்லாயோடு நின்றார். பாய்ந்து வந்து சாய்க்க அவர் இல்லாததால் டல்சாவின் பந்தெறிபவர் கல்யாண வீட்டு மாப்பிள்ளை போல நிதானமாக நின்று எறிந்தார். ஓமஹா இருபத்துநாலு புள்ளியில் தோற்றது. ஜோசியம் தப்பியது. ஆமோஸ் உயிரோடு நிற்கிறார் என்று நல்லசிவத்துக்குச் சந்தோஷமாக இருந்தது, அவர் முகத்தைக் காட்டியபோது கையில் எடுத்த பலகாரத்தைத் தட்டிலேயே வைத்தான். கடிதம் எழுதியது அவன்தான் என்று தெரிந்து, மத்தியானமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் பரிசோதனை முடிவு செய்தியாக வந்தது. ஆமோஸின் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை.

கமாலுதீன் அவனைத் திருச்சி சாலையில் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னார். திட்டுவதற்காக இருக்கும் என்றுதான் போனான். அவர் டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வைத்தார். ஜோசியம் ஏன் தப்பியது என்று தோண்டிப் பார்த்ததில் வேறொன்று கிடைத்தது என்றார்.

"பொத்தான அழுத்தறதுக்கு நீங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கறீங்கன்னு ஜோசியர் கவனிக்குது. ஏழு விரல் இருந்தா பட்டுனு அழுத்துவீங்க. அப்ப அது சுத்தத் தப்புன்னு தெரிஞ்சுக்கும். கொஞ்சம் தயங்கினீங்கன்னா, ஓகோ, இது கிட்டத்தட்ட நெஜம் மாதிரி இருந்திருக்கு போலன்னு எடுத்துக்கும். அடுத்த தடவ அதையே இன்னும் நல்லா செஞ்சு உங்களுக்கே காட்டும்."

"நான் தயங்கலீங்களே சார். எந்திரிச்சு நின்னேன்."

"அது எனக்குத் தெரியுது. அதுக்கு எப்படிங்க தெரியும்? அவர எடுத்துட்டுப் போற வரைக்கும் நீங்க அழுத்தல. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

நல்லசிவத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது டீயைக் கீழே வைத்தான். செத்தவருக்குக் கொடுத்த மரியாதையை அந்த இயந்திரம் சந்தேகம் என்று எண்ணியிருக்கிறது. அவன் நிற்க நிற்க அது ஆமோஸைக் கொன்றிருக்கிறது. கல்லுப் போல உட்கார்ந்து பட்டென்று அழுத்தியிருந்தால் இரண்டாம் முறை அவர் விழுந்திருக்கவே மாட்டார். உயிரோடு இருந்த ஒரு மனிதனுக்குத் தன் கையாலேயே பாடை கட்டிவிட்டோம் என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பேக்கரியில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லை.

அழுது முடித்ததும் ஒன்று கேட்டான்.

"அப்ப மொத தடவ ஏனுங்க சார் விழுந்தாரு? நான் அப்ப எந்திரிக்கவே இல்லியே. விழுந்த பொறவுதான எந்திரிச்சேன்?"

கமாலுதீன் பன்னைப் பிய்த்தார். அது வெறும் பேயடியாக இருக்கலாம் என்றார். இருக்கலாமா, இருந்ததா என்று நல்லசிவம் விடாமல் கேட்டான். அழித்துப்போனதை எங்கே போய்ப் பார்ப்பது என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை ஆமோஸே கூப்பிட்டார்.

அக்காவுக்கு வந்த கடிதத்தில் இருந்த எண் என்றார். குரல் திரையில் கேட்டதைவிட மெதுவாக இருந்தது. போலீஸ் எல்லாவற்றையும் விசாரித்துச் சொல்லிவிட்டார்களாம். கோபமாகத்தான் இருந்தேன், இப்போது இல்லை என்றார். முகம் தெரியாத ஒருவர் தன் வேலையை விட்டுக்கொடுத்து நான் பிழைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அக்கா சொன்னார் என்றார். நல்லசிவம் தன் அரைகுறை ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான், மறுபடியும் கேட்டான். அவர் குறுக்கிட்டார்.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் விழுந்த அந்த ஆட்டங்களில் யார் ஜெயித்தார்கள்? நாங்களா?"

 ஆமோஸ் விழுந்த ஒரு ஆட்டத்தைக்கூட நல்லசிவம் முடிவுவரை பார்த்ததில்லை. அவரைத் தூக்கிப்போனதும் அழித்துவிடுவான். எத்தனையோ ஆட்டங்கள், ஒன்றுக்கும் முடிவு கிடையாது. தெரியாது என்று சொல்லலாம்தான். சாகவும் துணிந்தவன் கேட்கும் கேள்விக்குத் தெரியாது என்றா பதில் சொல்வது?

ஜெயித்தீர்கள் என்று சொன்னால், செத்தாவது ஜெயித்திருக்கலாமே என்று இந்த மனிதன் ஆயுசுக்கும் மருகுவான். தோற்றீர்கள் என்றால் பாரம் இறங்கும். நான் ஆடியிருந்தாலும் இதேதான் என்று நிம்மதியாகப் போய்ப் பேரன் பேத்தி எடுப்பான். நல்லசிவம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆட்டத்தின் முடிவைத் தானே தீர்மானித்தான்.

தோற்றுவிட்டீர்கள் என்றான்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. எத்தனை புள்ளியில் என்று கேட்டார் ஆமோஸ்.

இதை நல்லசிவம் எதிர்பார்க்கவில்லை. பெரிய எண்ணாகச் சொன்னால் மனிதனை அவமானப்படுத்தியதாகிவிடும் என்று தோன்றியது. மரியாதையாக, சின்னதாக, மூன்று என்றான்.

 ஆமோஸ் சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு.

"மூன்றா? நான் இல்லாமல் இருபத்துநாலு. பாதியில் விழுந்து செத்தும் வெறும் மூன்றா?"

முழுதாக ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே கேட்டுக்கொண்டார். நேற்றுத்தான் பயிற்சியாளரிடம் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னாராம். வயதாகிவிட்டது, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாராம். இப்போதே அவரைக் கூப்பிட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். நெஞ்சில் குறை இல்லை என்று மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள் அல்லவா, அடுத்த வருடம் என்னைப் பாருங்கள் என்றார். நல்லசிவம் பொறுங்கள், ஒரு நிமிடம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வசுமதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"அடுத்த வருசமும் ஆடறாராமா."

"நல்ல சேதிதானுங்களே. அதுக்கேன் இப்படி முழிக்கறீங்க?"

மூன்று என்றது பொய் என்றும், முதல் தடவை ஏன் விழுந்தார் என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் சொல்லிவிட, நல்லசிவம் அந்த எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அழுத்தினான். அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.